துப்பு துலக்கியவர்கள் – 11: சாம்புவுக்கு ஒரு கோபாலன் வேண்டும்

சென்ற வாரம் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரோடு திரிந்தோம். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் அந்தக் கதையைப் படமாக்கியபோது எம்.என். நம்பியார் வேஷத்துக்கு மேல் வேஷம் போட்டுத் துப்பறிந்ததையும் பார்த்தோம். சாமியார் கெட்டிக்காரர். அவர் கோட்டைவிட்டால் கதையே இல்லை. இந்த வாரம் வருகிறவன் நேர்மாறு. அவன் கோட்டைவிடாமல் ஒரு கதையும் நகராது.

அவனைப் படைத்தவரின் ஊர் திருவிடைமருதூர். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிடும். மகாலிங்கசுவாமி கோயிலைச் சுற்றித் தேர் ஓடுகிற அகலமான வீதிகள், அதைத் தாண்டினால் வயல், வாய்க்கால். துப்பறியும் தொடரில் இந்தக் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் ஓர் அந்தணர் மிதிபட்டு இறந்துபோனார். அன்று முதல் பிரம்மஹத்தி அரசனைப் பின்தொடர ஆரம்பித்தது என்பது தலபுராணம். இந்தக் கோயிலின் கிழக்கு வாசல் வழியாக அரசன் உள்ளே நுழைந்தான். பிரம்மஹத்தியால் நுழைய முடியவில்லை. வெளியே வரட்டும், பிடித்துக்கொள்வோம் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. அரசன் மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டான். அது இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. கிழக்கே நுழைந்தவர்கள் அதே வழியில் திரும்பக் கூடாது என்று உள்ளூர்ப் பாட்டிமார்கள் இன்றைக்கும் அதட்டுவார்கள். ஆளை ‘ஃபாலோ’ பண்ணுகிறவனை முன்வாசலில் காக்க வைத்துவிட்டுப் பின்வாசலால் நழுவும் காட்சி இல்லாத உளவுப் படம் உண்டா? இந்த ஊருக்கு அது எந்தக் காலத்திலிருந்தோ தெரியும்.

இங்கே 1913 செப்டம்பர் 8-ம் தேதி பிறந்தவர் ஆர். மகாதேவன். கும்பகோணம் கல்லூரியில் பி.ஏ. படித்து, கொஞ்ச நாள் வாத்தியார் வேலை பார்த்து, ‘ஆனந்த விகட’னுக்கு ஒரு கதை அனுப்பினார். ஆசிரியராக இருந்த கல்கிக்கு அது பிடித்துப்போய், இருபத்தொரு வயதில் விகடனுக்குள் வந்துவிட்டார். அங்கே அவர் பெயர் தேவன். 1957 மே மாதம், நாற்பத்துமூன்றே வயதில், காலமாகும்வரை தேவனுக்கு விகடன்தான் வீடு. ‘மிஸ்டர் வேதாந்தம்’, ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’, ‘ராஜத்தின் மனோரதம்’ என்று தொடர் தொடராக எழுதினார். வாரம் தவறாமல் எழுதி ஒப்பேற்றுவது என்ன பாடு என்று எனக்குப் பதினோரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த மனிதர் அதை வருஷக்கணக்கில் சிரித்த முகத்தோடு செய்திருக்கிறார்.

‘துப்பறியும் சாம்பு’ 1942-ல் வந்தான். அந்த வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. சென்னைப் பட்டணம் காலியானது. வீட்டைப் பூட்டிக்கொண்டு, தகரப் பெட்டியும் பித்தளைப் பாத்திரமுமாக ஜனங்கள் ரயிலேறிச் சொந்த ஊர்களுக்குப் போனார்கள். காவிரிக் கரை வீடுகளின் கூடங்களில் பட்டணத்து உறவினர்கள் பாய் விரித்துப் படுத்திருந்த காலம். யாரைப் பார்த்தாலும் ஒற்றனோ என்று சந்தேகம், எதைக் கேட்டாலும் வதந்தி. அப்படிப்பட்ட நேரத்தில் தேவன் கொண்டுவந்து நிறுத்திய துப்பறிவாளன் எப்படிப்பட்டவன்? பேங்க் குமாஸ்தா, மந்தம் என்று பெயரெடுத்தவன், வேலையும் போனவன். ராஜு வரைந்த படத்தில் அந்த மூக்கையும் முழியையும் பார்த்தவர்கள் இவனிடம் கத்தரிக்காய் வாங்கிவரச் சொல்லக்கூட யோசித்திருப்பார்கள்.

ஆனால் கேஸ் துலங்கிவிடும். எப்படி? தேவனின் கதை எதையும் இங்கே எடுத்துச் சொல்லப் போவதில்லை, வாங்கிப் படியுங்கள். அந்த இயந்திரம் ஓடும் விதத்தை மட்டும் காட்ட நானே ஒன்றைக் கட்டுகிறேன். திருவிடைமருதூர் ரயில் நிலையம். நகைப்பெட்டியோடு திருடன் வரப்போகிறான் என்று துப்பு. பிளாட்பார பெஞ்சில் காவலுக்கு உட்கார்ந்த சாம்பு தூங்கிப்போகிறான். கையிலிருந்த குடை நழுவிக் குறுக்கே விழுகிறது. பாசஞ்சர் வந்து நிற்கிறது. அவசரமாக இறங்கிய ஒருவன் குடை தடுக்கிக் குப்புற விழுகிறான், பெட்டி திறந்து நகை சிதறுகிறது. சத்தத்தில் சாம்பு விழித்துக்கொண்டு, “என் குடை!” என்கிறான். இதுவரை நடந்தது வெறும் அதிர்ஷ்டம். எந்த விகடகவியும் எழுதிவிடுவான். தேவன் இதற்கு மேல்தான் ஆரம்பிப்பார். இன்ஸ்பெக்டர் கோபாலன் ஓடி வருவார். கண்கள் பனிக்கும். “சாம்பு! தூங்குகிற மாதிரி பாவனை செய்தீர்களே, அங்கேதான் உங்கள் மேதை! அவன் ஏழாவது பெட்டியிலிருந்துதான் இறங்குவான் என்று கணக்குப் போட்டுக் குடையை வைத்திருக்கிறீர்கள்!” சாம்பு திருதிருவென்று விழிப்பான். அது கோபாலனுக்கு அடக்கமாகப் படும்.

என் கட்சி இதுதான்: சாம்பு கதைகளின் கதாநாயகன் கோபாலன். சாம்புவின் அசட்டுத்தனத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்கிற அறிவு அவருடையது. தர்க்கம், கோவை, காரணகாரியம் எல்லாம் அவர் தலைக்குள் நடக்கின்றன. உண்மையில் துப்பறிகிறவர் அவர்தான், தப்பான ஆளைப் பற்றித் துப்பறிகிறார், அவ்வளவே. சாம்பு ஐம்பது கதைகளுக்குத் தாங்கினான் என்றால் அதிர்ஷ்டத்தை ஐம்பது விதமாகத் திருப்பிப் போட்டதால் மட்டுமில்லை; நம்புகிற ஒருவர் பக்கத்திலேயே நின்றதால். பெரிய ஆபீஸ்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது கடல் தாண்டுவோம். 1965 செப்டம்பரில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘கெட் ஸ்மார்ட்’ என்று ஒரு தொடர் தொடங்கியது. எழுதியவர்கள் மெல் புரூக்ஸும் பக் ஹென்றியும். ஜேம்ஸ் பாண்டும் ‘பிங்க் பேந்தர்’ படத்து இன்ஸ்பெக்டர் குளூஸோவும் ஓகோ என்று ஓடிக்கொண்டிருந்த சமயம். இரண்டையும் கலந்து ஒன்று கொடுங்கள் என்று தயாரிப்பாளர்கள் கேட்க, மேக்ஸ்வெல் ஸ்மார்ட் பிறந்தான். ‘கன்ட்ரோல்’ என்ற ரகசிய இலாகாவின் 86-ம் எண் உளவாளி. எதிரிக் கும்பலின் பெயர் ‘கேயாஸ்’. நடித்தவர் டான் ஆடம்ஸ். கூட வரும் 99-ம் எண் உளவாளி பார்பரா ஃபெல்டன். கடைசி வருஷம் சி.பி.எஸ்.ஸுக்கு இடம்பெயர்ந்து, ஐந்து ஆண்டுகளில் 138 வாரங்கள் ஓடியது.

அவன் தொலைபேசி செருப்புக்குள் இருக்கும். நடுத்தெருவில் மணி அடித்தால் ஷூவைக் கழற்றி, அடிப்பாகத்தைத் திருப்பிக் காதில் வைத்துக்கொள்வான். இதைவிட எனக்குப் பிடித்தது ‘மௌனக் கூண்டு’. ரகசியம் பேச வேண்டுமென்றால் தலைவரும் அவனும் மேஜைக்கு இரு பக்கமும் உட்காருவார்கள். மேலேயிருந்து கண்ணாடிக் குமிழ் மாதிரி ஒன்று இறங்கி இருவர் தலையையும் மூடிக்கொள்ளும். மூடியதும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. “என்ன?” “என்ன என்ன?” என்று இருவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள். தலைவர் வேண்டாம் வேண்டாம் என்பார். ஸ்மார்ட் விதிப்படி கூண்டு வேண்டும் என்று அடம்பிடிப்பான். அரசாங்க விதி என்றால் என்ன என்று அந்த ஒரு பொருளை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

சாம்புவும் ஸ்மார்ட்டும் ஒரே ஜாதி என்று தோன்றும். இல்லை. சாம்பு மேதை என்று ஊரே நம்புகிறது, அவன் ஒருவனைத் தவிர. ஸ்மார்ட் மேதை என்று நம்புகிறவன் ஸ்மார்ட் ஒருவன்தான். தலைவருக்குத் தலைவலி மாத்திரைதான் கதி. சாம்புவின் முகத்தில் எப்போதும் ஒரு பயம், ‘இன்றைக்கு மாட்டிக்கொண்டோம்’ என்று. ஸ்மார்ட்டின் முகத்தில் பயத்தின் சாயலே கிடையாது. கதவில் மோதிக்கொண்டாலும் கதவின் தப்பு. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: அசடனைச் சுற்றிக் கவலைப்படவும் காதலிக்கவும் காரியத்தை முடித்துவைக்கவும் ஆட்கள் வேண்டும். 99 பின்னால் வந்து சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு, அவனை ஆசையாகப் பார்ப்பாள்.

இதற்கு அத்தாட்சி 1980-ல் கிடைத்தது. டான் ஆடம்ஸையே வைத்து ‘தி நியூட் பாம்’ என்று சினிமா எடுத்தார்கள். அதே முகம், அதே கீச்சுக்குரல், அதே செருப்புத் தொலைபேசி. 99 கிடையாது. தலைவராக நடித்த எட்வர்ட் பிளாட் அதற்கு முன்பே இறந்துவிட்டார். படம் படுத்துவிட்டது. அசடன் இருந்தான், அசடனைத் தாங்குகிறவர்கள் இல்லை.

2008 ஜூனில் மறுபடி எடுத்தார்கள், பீட்டர் சீகல் இயக்கத்தில். ஸ்டீவ் கேரல் ஸ்மார்ட், ஆன் ஹாத்வே 99, ஆலன் ஆர்கின் தலைவர். சுமார் 8 கோடி டாலர் செலவு செய்து 23 கோடி பார்த்தார்கள், ஆகவே தோல்வி என்று சொல்ல முடியாது. பார்க்கவும் அலுக்காது. நம் ஊர் மல்யுத்த வீரர் கிரேட் காளி வில்லனின் அடியாளாக வருகிறார். அவரிடம் அடி வாங்கிச் சாகும் தறுவாயில் ஸ்மார்ட் அவருடைய குடும்பச் சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறான். மனைவி ஏன் கோபமாக இருக்கிறாள், என்ன சொன்னால் சமாதானமாவாள் என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல, அந்த மலை கரைந்துபோகிறது. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்த இடம் அது.

ஆனால் அந்தக் காட்சியிலேயே கோளாறும் இருக்கிறது. அவனுக்கு அந்த விஷயம் எப்படித் தெரியும்? இந்த ஸ்மார்ட், ஒட்டுக்கேட்ட பேச்சுகளைப் பக்கம் பக்கமாக அலசி அறிக்கை எழுதும் நிபுணன். ருஷ்ய மொழி தெரிந்தவன். களத்துக்குப் போவதற்கான பரீட்சையிலும் தேறிவிட்டான். மேஜையில் இவனை விட்டால் ஆளில்லை என்பதால்தான் தலைவர் அனுப்ப மறுக்கிறார். கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் டிஸ்னி இசையரங்கில் பியானோவுக்குள் குண்டு. பீத்தோவன் இசையின் கடைசி ஸ்வரத்தில் அது வெடிக்கும் என்று கண்டுபிடிப்பதும் அவனேதான். அதாவது, ஆள் கெட்டிக்காரன், கை கால்தான் கொஞ்சம் தடுமாறும். அப்படிப்பட்டவனுக்கு 99-ம் வேண்டாம், கோபாலனும் வேண்டாம். பழைய தொடரின் செருப்பையும் கோட்டையும் சிவப்புக் காரையும் அருங்காட்சியகத்திலிருந்து அவன் எடுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு காட்சி வைத்திருக்கிறார்கள். எடுக்க மறந்த சாமான் ஒன்றுதான்: அசட்டுத்தனம்.

ஹாலிவுட்டை மட்டும் குறை சொல்வானேன். பெரிய திரையில் முகம் பத்தடி உயரத்துக்கு வந்துவிட்டால், அந்த முகத்துக்குச் சொந்தக்காரன் மடையனாக இருப்பதை யாருக்கும் மனசு ஏற்பதில்லை. தமிழில் இது இன்னும் கறார். 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’ வந்து ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆனார். பெயரிலேயே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். நாயகன் துப்பறிவான், சிரிப்புக்குத் தனியாக ஆள் போட்டுவிடுவோம். சுஜாதா கதை எழுதிய ‘விக்ரம்’ 1986-ல் வந்தபோது ஏவுகணை, கம்ப்யூட்டர், சலாமியா என்று ஒரு கற்பனை நாடு எல்லாம் இருந்தன. கமல் சண்டை போட்டார், சிரிக்க வைக்கும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளராக வந்த ஜனகராஜிடம். அந்தப் படத்தில் எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது ஜனகராஜ்தான் என்பது வேறு விஷயம்.

தேவன் சினிமாவுக்கு அந்நியர் இல்லை. ‘கோமதியின் காதலன்’ 1955-ல் டி.ஆர். ராமச்சந்திரன், சாவித்திரி நடித்துப் படமாக வந்தது. ஆனால் சாம்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது தூர்தர்ஷன், அதில் காத்தாடி ராமமூர்த்தி. சோவின் ‘இஃப் ஐ கெட் இட்’ நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தால் ‘காத்தாடி’ ஆனவர், மேடையில் பழுத்தவர். மேடைக்காரர்களுக்கு ஒரு வித்தை தெரியும்: எதிரே இருப்பவன் பேசும்போது சும்மா இருப்பது. சாம்பு வேஷத்துக்கு வேண்டியதெல்லாம் அதுதான். கோபாலன் புகழ்ந்து தள்ளும்போது கேமரா சாம்பு முகத்தில் நிற்க வேண்டும். அவர் ஒன்றும் செய்யக் கூடாது. மறுக்கவும் தெரியாமல், ஒப்புக்கொள்ளவும் தைரியமில்லாமல், கிடைத்த மரியாதையை விடவும் மனசில்லாமல் அந்த முகம் தவிக்க வேண்டும். சின்னத் திரைக்கு அது அளவெடுத்துத் தைத்த வேலை. உட்கார்ந்து பேசுகிற கூடம், நாற்காலி, ஒரு முகம், இன்னொரு முகம். இருட்டு அரங்கில் விசிலடிக்கக் காத்திருக்கும் ஆயிரம் பேர் முன்னால், அந்தத் தவிப்பை நம்பி எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தேவனுக்கு நிஜத் துப்பறிவாளனை எழுத வராமல்தான் அசடனைப் பிடித்துக்கொண்டாரோ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வரும். ‘சி.ஐ.டி. சந்துரு’ என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார். சந்துருவுக்கு அதிர்ஷ்டம் தேவையில்லை, மூளை இருக்கிறது. சாம்புவை எழுதிய கை அந்த மூளைக்காரனை எப்படி நடத்துகிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)