பர்மாவை விட்டு வந்தவர்கள் – 14: செல்லாத நோட்டு

1962 மார்ச் 2ஆம் தேதி ஜெனரல் நே வின் பிரதமர் ஊ நூவைச் சிறைப்படுத்தி அதிகாரத்தைக் கைப்பற்றியதும், அவ்வாண்டு ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டதும் முன்னரே விஸ்தாரமாகச் சொல்லப்பட்டுவிட்டன. இவ்வாரம் எர்ணாவூர் பர்மா நகரைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆயினும், கடைகண்ணியோடு வாழ்ந்த குடும்பங்கள் எவ்வாறு வெறுங்கையோடு கப்பலேறின என்பதைச் சொல்லாமல், அவர்கள் இங்கே போட்ட குடிசைகளைப் பற்றிச் சொல்லப் புகுவது முறையாகாது.

துப்பாக்கி கைப்பற்றியது அரசாங்கத்தை. வீட்டுப் பெட்டியைக் கைப்பற்றியது அறிவிப்புத்தாள். வங்கிகள் 1963 பிப்ரவரியில் அரசுடைமையாயின. 1964 மார்ச் 19 அன்று ரங்கூன் கடைகள் அரசின் வசமாயின. எஞ்சியது கையிருப்புப் பணம் ஒன்றே என்றிருந்த நிலையில், மே 17ஆம் தேதி, 50, 100 கியாட் நோட்டுகள் இனிச் செல்லா என்று நே வினின் புரட்சிக் கவுன்சில் பிரகடனம் செய்தது. ஏன் என்று கேட்கப் பாராளுமன்றம் இல்லை. கட்சிகளோ அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தடைசெய்யப்பட்டிருந்தன. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களில் தமிழர் மிகப் பலர்.

பர்மியர் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறைக்கலாகாது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவிகிதமாக இருந்த செட்டியார்களின் நிலவுடைமை, விலைவீழ்ச்சியில் கடனடைக்க இயலாத உழவர்களின் நிலங்கள் கைமாறியதால், 1937இல் 25 சதவிகிதமாக உயர்ந்தது. அந்த மனக்குமுறலுக்குப் பரிகாரம் தேடி 1948இல் நிலச் சட்டம் இயற்றியது மக்களாட்சி அரசு. அதை எதிர்த்து வாதாட இடமிருந்தது. 1964இல் அகப்பட்டவரோ பெரும்பாலும் சிறுகடைக்காரரும் கூலிகளும். அவர்கள் எவருடைய நிலத்தையும் பறித்தவரல்லர்.

இவ்வாரம் என் உள்ளத்தை முழுதும் ஆட்கொண்ட செய்தி இனித்தான் வருகிறது. அந்நியரை விரட்டக் கையாண்ட அதே உபாயத்தை, இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, நே வின் ஆட்சி தன் சொந்தப் பிரஜைகள்மேலேயே பிரயோகித்தது. 1985இல் வெளியான 75 கியாட் நோட்டுக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே, 1987 செப்டம்பர் 5ஆம் தேதி, 25, 35, 75 கியாட் நோட்டுகள் யாவும் ஈடு எதுவுமின்றி ரத்தாயின. புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரே நாளில் காகிதமாயிற்று. அம்மாதமே புதிதாக வெளிவந்தவை 45, 90 கியாட் நோட்டுகள்! இரண்டும் ஒன்பதால் வகுபடும். இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பதே வரும். ஜெனரலுக்கு ஒன்பது ராசியான எண் என்பது பர்மியரிடையே பரவலாக நிலவும் பேச்சு. ஒரு தேசத்தின் சந்தைக்காரி கீரைக்குச் சில்லறை கொடுக்கத் தொண்ணூறிலிருந்து கழித்துக் கணக்குப் பார்க்க நேர்ந்ததை எண்ணி எண்ணி மாய்கிறேன். அந்த 90 கியாட் நோட்டில் பொறிக்கப்பட்ட முகம், 1930இல் வரிச்சுமை தாளாத உழவர்களைத் திரட்டிக் கலகம் செய்து தூக்கிலிடப்பட்ட சாயா சானுடையது. கல்விக்கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் பறிகொடுத்த ரங்கூன் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் நோட்டுகள் ரத்தான அன்றே கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு அந்தக் கோபமும் விதையாயிற்று.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் விம்கோ நகருக்கு அப்பால் அறிமுகமான ஒரு பெரியவர், சிப்காட்டின் உருக்காலையொன்றில் பல்லாண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர், பர்மாவை விட்டு வந்த தம் தாயாரைப் பற்றிச் சொன்னது இங்கே நினைவுக்கு வருகிறது. பிள்ளை கொண்டுவந்து கொடுக்கும் சம்பளம் எத்தகைய நோட்டாக இருப்பினும், "இதைப் பத்து பத்தா மாத்திட்டு வாப்பா" என்று உடனே திருப்பியனுப்புவது அந்த அம்மையாரின் மாறா வழக்கமாம். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டு ஊரே வங்கி வாசலில் நின்றபோது, அவரிடம் மாற்றவேண்டிய நோட்டு ஒன்றுகூட இருக்கவில்லை. இங்கே வரிசையில் நின்று மாற்றிக்கொள்ள வழியிருந்தது, வழக்குத் தொடர உச்ச நீதிமன்றம் இருந்தது என்று மகன் எவ்வளவோ எடுத்துரைத்தும் அந்த அம்மையார் சமாதானம் அடையவில்லையாம். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி பர்மாவில் ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபின், வங்கிகளின் முன்னே பணமெடுக்க விடியுமுன் காத்துக் கிடந்தவர்களின் செய்திகளைப் படித்த எவரும் அந்த அச்சத்தை மிகையென்று கூறமாட்டார்கள்.

எர்ணாவூருக்குள் அடுத்த வாரம் நிச்சயம் செல்வோம். அதற்குமுன், தாயகம் ஒட்டாமல் மீண்டும் பர்மாவுக்கே தரைவழியே திரும்ப முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயிலேயே தங்கித் தமிழ்ச் சங்கமும் கோயிலும் எழுப்பியவர்களைப் பற்றி இரண்டொரு பத்தி சொல்லியாக வேண்டும்.