கோழியைத் திருடியது யார்?

உங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறீர்களா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கோழி இல்லாதவர்களும் படிக்கலாம். ஏனென்றால் இதில் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது!

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில் உள்ள தேவதானப்பட்டி. மஞ்சளாறு பாயும் ஊர். நிமிர்ந்து பார்த்தால் கொடைக்கானல் மலை. சுற்றிலும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு. மலையும் தோப்பும் இவ்வளவு பக்கத்தில் இருந்தால், அங்கே வாழும் விலங்குகள் இரவில் ஊருக்குள் எட்டிப் பார்க்காமல் இருக்குமா?

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆறு கோழிகள் வளர்த்தாள். முட்டை விற்ற காசில்தான் நோட்டும் பேனாவும் வாங்குவாள். ஒருநாள் காலையில் அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தாள்.

"சார், ராத்திரி ரெண்டு கோழி போச்சு சார்! அதுல ஒண்ணு அடைக்கு உக்காந்திருந்த கோழி. இன்னும் மூணு நாள்ல குஞ்சு பொரிச்சிருக்கும்!"

கோழி முட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். அந்தக் கோழி 18 நாட்கள் அடைகாத்திருந்தது. போய்ப் பார்த்தேன். ஒன்பது முட்டைகளும் சில்லிட்டுக் கிடந்தன.

அவளுடைய சித்தப்பா கோபமாக நின்றார். "இது கீரி வேலைதான் சார். வீட்டிலிருந்து ஒயர் இழுத்து வேலியில கரண்ட் விட்டாத்தான் சரிப்படும்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. திருடன் யாருன்னு தெரியாமலே தண்டனை கொடுக்கலாமா? ஒரே ஒரு ராத்திரி எனக்குக் கொடுங்க" என்றேன்.

சாம்பல் சொன்ன சேதி

முதலில் கூட்டைச் சுற்றி வந்தோம். பக்கங்களில் கோழி வலை கட்டியிருந்தார்கள். எங்கும் கிழியவில்லை. தரையில் யாரும் பள்ளம் தோண்டவும் இல்லை. மேலே மட்டும் பழைய தென்னங்கீற்று. ஒரு மூலையில் கீற்று விலகி, கை நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அதற்கு நேர் மேலே முருங்கை மரத்தின் கிளை!

அன்று மாலை மிச்சமிருந்த நான்கு கோழிகளையும் வீட்டுக்குள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தோம். கூட்டைச் சுற்றித் தரையிலும், கூரையின் மேல் ஒரு பலகை வைத்து அதிலும் அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவினோம். ஒருமுறை ருசி கண்ட விலங்கு மறுபடியும் அதே இடத்துக்கு வரும் என்பது தெரியும்.

வந்தது! காலையில் பலகைச் சாம்பலில் அழகாகக் காலடித் தடங்கள். எண்ணிப் பார்த்தோம். ஒவ்வொரு தடத்திலும் ஐந்து விரல்கள்.

நாயின் தடத்தில் நான்கு விரல்களும் நகக் குறிகளும் தெரியும். பூனை, காட்டுப்பூனை நடந்தால் நான்கு விரல்கள் மட்டும் தெரியும்; நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் நகக்குறி இருக்காது. பாம்பு போனால் கோடுதான். ஐந்து விரல் என்றால் கீரி அல்லது மரநாய்.

"பாத்தீங்களா சார், கீரிதான்!" என்றார் சித்தப்பா.

இல்லை. கீரி பகலில் இரை தேடும் விலங்கு. இரவில் வளைக்குள் தூங்கிவிடும். மரநாயோ பகலெல்லாம் மரப்பொந்தில் தூங்கிவிட்டு இரவில் கிளம்பும். மரம் ஏறுவதில் கெட்டிக்காரன். கூட்டின் ஓரத்தில் எச்சமும் கிடந்தது. அதில் சப்போட்டா விதைகள்! மரநாய்க்குப் பழம் என்றால் உயிர். அதனால் அது தின்ற பழத்தின் விதைகளைத் தோப்பெங்கும் விதைத்துவிட்டுப் போகும் தோட்டக்காரனும்கூட. கோழி அதற்கு எப்போதாவது கிடைக்கும் விருந்து.

பாவம், கீரி! செய்யாத குற்றத்துக்கு அதன் உயிர் போயிருக்கும்.

கரண்ட் வேலி வேண்டவே வேண்டாம்!

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை வேலியில் பாய்ச்சினால் கீரி, மரநாய் மட்டுமா சாகும்? இருட்டில் கோழியைத் தேடிப் போகும் அப்பத்தாவும், பந்தெடுக்க ஓடும் தம்பியும் சாகலாம். 'வேலியே பயிரை மேய்ந்த கதை' என்பது இதுதான். அப்படி மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம்.

2022 செப்டம்பரில் பெரியகுளம் அருகே ஒரு தோட்டத்தில், சூரிய மின்வேலி அருகே சிறுத்தை ஒன்று இறந்து கிடந்தது. அப்போது செய்தித்தாள்களில் பெரிதாக வந்த சம்பவம் அது. காடுகளை ஒட்டிய பகுதிகளில் மின்வேலி அமைக்க அனுமதி பெற வேண்டும் என்று தமிழக அரசு 2023ஆம் ஆண்டு விதிகளையும் கொண்டு வந்தது. கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றுக்கு விஷம் வைக்கவும் கூடாது.

வேலியின் வேலை கொல்வது அல்ல, தடுப்பது!

எந்தத் திருடனுக்கு எந்த வேலி?

கடைக்குப் போய், "ஒரு வலை கொடுங்க" என்று கேட்டால் போதாது. திருடன் வரும் வழிகள் நான்கு. ஒவ்வொன்றையும் தனித்தனியே அடைக்க வேண்டும்.

1. பக்கம்: அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கும். ஆனால் நாய் பல்லால் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். பெரிய கண் என்றால் பெருச்சாளியும் பாம்பும் நுழைந்துவிடும். ஆகவே இரவில் கோழி அடையும் கூட்டுக்கு, அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான வெல்டு மெஷ் கம்பி வலைதான் நல்லது.

2. தரை: நாயும் கீரியும் வேலியின் அடியில் தோண்டும். வலையை வெளிப்பக்கமாக ஓர் அடி மடக்கித் தரையில் படுக்க வைத்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். வேலி ஓரத்தில் தோண்டும் விலங்கின் நகத்தில் கம்பி தட்டும். ஓர் அடி பின்னால் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது!

3. மேல்: ஏறத் தெரிந்த விலங்குக்கு ஆறடி வேலியும் படிக்கட்டுதான். இரவுக் கூட்டுக்கு மேலேயும் கம்பி வலை வேண்டும். கூட்டின் மேல் தொங்கும் கிளையை வெட்டிவிட வேண்டும். பகலில் வரும் பருந்துக்கும் வல்லூறுக்கும் கம்பி தேவையில்லை. குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மேலே ஒரு கல் வைத்தாலே போதும். மேயும் இடத்தில் ஒளிய நாலு செடிகள் இருந்தால் கோழிகள் ஓடிப் பதுங்கிக்கொள்ளும்.

4. கதவு: இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்து இருக்கக் கூடாது. தட்டினால் திறந்துகொள்ளும் கயிற்று முடிச்சு வேண்டாம், கொண்டி வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: பழைய மீன் வலையைத் தரையோடு கட்டாதீர்கள். அதில் பாம்பு சிக்கிச் செத்துப்போகும். எங்காவது பாம்பு சிக்கியிருந்தால் கிட்டே போகாமல் பெரியவர்களிடம் சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு 101 என்ற எண்ணில் தகவல் கொடுக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு

"இவ்வளவு வலைக்கு ஏது சார் காசு?" என்று அவள் கேட்டாள். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நீங்களும் போடுங்கள்.

அவர்கள் கொல்லை 40 அடி நீளம், 30 அடி அகலம். சுற்றளவு 140 அடி. ஐந்தடி உயரத்துக்கு வலை போட்டால் 700 சதுர அடி. அப்படியும் மேல்பக்கம் திறந்தே இருக்கும்!

இரவுக் கூடு 6 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். நான்கு பக்கங்களுக்கு 80 சதுர அடி, கூரைக்கு 24, தரையில் மடக்க 20. மொத்தம் 124 சதுர அடிதான்.

விடை கிடைத்துவிட்டதா? கொல்லை முழுவதும் கம்பி வலை போட வேண்டியதில்லை. கோழி கண் தெரியாமல் தூங்கும் இரவுக்குச் சின்னதாக, கெட்டியாக ஒரு கூடு. பகலில் மேய, நம் ஊர்க் கிளுவை வேலியே போதும். கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டால் தாமே துளிர்த்து உயிர்வேலி ஆகிவிடும். காசு செலவும் இல்லை.

சித்தப்பாவே வலையை வாங்கி வந்து கட்டினார். முருங்கைக் கிளையையும் அவரே வெட்டினார். கணக்குப் போட்டது, கொண்டி சரியாக விழுகிறதா என்று பார்த்தது எல்லாம் அவள்.

மிச்சமிருந்த கோழிகளில் ஒன்று பிறகு அடைக்கு உட்கார்ந்தது. 21ஆம் நாள் எட்டுக் குஞ்சுகள்! எனக்குத்தான் முதலில் வந்து சொன்னாள். இப்போதும் சில நாள் காலையில் கூட்டின் மேல் அந்த ஐந்து விரல் தடம் தெரிகிறதாம். மரநாய் வருகிறது, சுற்றிப் பார்க்கிறது, வழியில்லாமல் தோப்புக்குத் திரும்பிப் பழம் தின்கிறது. கோழியும் பிழைத்தது; மரநாயும் பிழைத்தது.

இன்று மாலை நீங்களும் உங்கள் கோழிக்கூட்டைப் பக்கம், தரை, மேல், கதவு என்று ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். உங்கள் கை நுழையும் சந்து இருந்தால், திருடனும் நுழைவான். இருட்டும் முன் அடைத்துவிடுவீர்கள்தானே?