சனிக்கிழமை மாலைப் பந்தாட்டம்



சனிக்கிழமை மாலைகளில் நமது மருத்துவமனை வளாகத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் கூடி விளையாடுவதைக் குறித்து உங்களில் பலர் விசாரித்து எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் சில கடிதங்களில் ஒரே வேண்டுகோள் திரும்பத் திரும்ப வந்தது: "பாவம், அவர்களை எப்படியாவது ஜெயிக்க வைத்து அனுப்புங்கள்." நாங்கள் அப்படிச் செய்வதில்லை. ஏன் என்பதை இந்த இதழில் விளக்குவது நலமென்று நினைத்தோம்.

விளையாட்டின் பெயர் போச்சே. இத்தாலி நாட்டிலிருந்து வந்தது. (பந்து எல்லை தாண்டினால் "போச்சே!" என்று எங்கள் ஆட்டக்காரர்களே கத்திச் சிரிக்கிறார்கள்.) சிறிய பந்து ஒன்றை முதலில் உருட்டிவிட்டு, அணிக்கு நான்காகப் பெரிய பந்துகளை அதனருகே உருட்ட வேண்டும். யாருடைய பந்து கிட்டப் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. 60 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள சமதரை போதும். ஓட வேண்டியதில்லை. ஆகவே 15 வயதுக்காரரும் 50 வயதுக்காரரும் சேர்ந்து ஆடலாம். சிறப்பு ஒலிம்பிக்ஸ் போட்டிகளில் இதுவும் ஒன்று. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் அம்மையார் 1968 ஜூலையில் சிகாகோ நகரில் சுமார் 1,000 பேரைக் கூட்டி நடத்திய விளையாட்டு விழாவிலிருந்து வளர்ந்தது அது. பாராலிம்பிக்ஸ் வேறு, இது வேறு. கடிதங்களில் பலர் இரண்டையும் கலந்து எழுதுகிறீர்கள்.

இனி, கற்றுக்கொடுக்கும் விதம். "கோட்டில் நின்று, குனிந்து, பார்த்து, மெதுவாக உருட்டுங்கள்" என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைசிச் சொல் மட்டுமே காதில் தங்கும். ஆகவே செயலைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறோம். கோட்டில் நிற்பது ஒன்று. பந்தைப் பிடிப்பது ஒன்று. கையைப் பின்னுக்குக் கொண்டுபோவது, விடுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரே சொல், வாரந்தோறும் அதே சொல். சொல்வதோடு செய்தும் காட்டுகிறோம். அதுவும் போதாவிட்டால், அவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் கையோடு எங்கள் கையையும் வைத்து உருட்டுகிறோம். சில வாரம் கழித்து மணிக்கட்டை மட்டும் தொடுகிறோம், பிறகு முழங்கையை, பிறகு தொடுவதேயில்லை. புதிதாக வரும் தொண்டர்களுக்கு இந்தக் கையை எடுப்பதுதான் கஷ்டமாயிருக்கிறது. "புரிந்ததா?" என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் எல்லாரும் ஆம் என்பார்கள். செய்து காட்டச் சொல்லிவிட்டு, பத்து எண்ணும்வரை வாய் திறவாமல் நிற்கிறோம்.

ஜெயிப்பதற்கு வருவோம். சிறப்பு ஒலிம்பிக்ஸில் வயது, ஆண் பெண், திறமை ஆகியவற்றைப் பார்த்துப் பிரிவுகள் அமைக்கிறார்கள். முதலில் ஆடவிட்டுப் பார்த்து, ஏறக்குறைய ஒத்த திறமையுள்ளவர்களை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். வேண்டுமென்றே மோசமாக ஆடி எளிய பிரிவுக்குள் நுழைவதைத் தடுக்கவும் விதி உண்டு. எங்கள் சிறிய மைதானத்திலும் இப்படியே சமமானவர்களை எதிரெதிரே நிறுத்துகிறோம். அப்பொழுது யார் ஜெயிப்பார் என்பது பயிற்சியாளருக்கும் தெரியாது.

ஒரு தாயார், தம் 34 வயது மகன் தோற்று அழுததைப் பார்த்து, இனி அழைத்துவர மாட்டேன் என்றார். வீட்டில் தாயம் ஆடினால்கூட எல்லாரும் அவருக்கு விட்டுக்கொடுத்துவிடுவார்களாம். வாழ்நாளில் அன்றுதான் முதன்முறையாகத் தோற்றிருக்கிறார். இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாம் சனிக்கிழமை காலையிலேயே தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாராம். வந்தார். அன்றும் தோற்றார். அளவுநாடாவை வாங்கித் தாமே இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

மருத்துவப் பரிசோதனையின்றி யாரையும் சேர்ப்பதில்லை. டவுன் நோய்க்குறி உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இருதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளை இணைக்கும் நார்கள் தளர்ந்திருக்கும். அவர்கள் குட்டிக்கரணம் போடுவதும், தண்ணீரில் தலைகுப்புறப் பாய்வதும் ஆபத்து. கழுத்துவலி, நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை புதிதாகத் தோன்றினால் ஆட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். வலிப்பு உள்ளவர்கள் அன்றைய மாத்திரையைச் சாப்பிட்டார்களா என்று வீட்டாரிடம் கேட்டுக்கொள்கிறோம். தாகம் என்று சொல்லத் தெரியாதவர்கள் உண்டு. ஆகையால் தண்ணீரைக் கேட்டபின் கொடுப்பதில்லை, மணி பார்த்துக் கொடுக்கிறோம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். பரிசாகப் பொம்மைகளும் மிட்டாய்ப் பொட்டலங்களும் வருகின்றன. அன்போடு அனுப்புகிறீர்கள் என்பதை அறிவோம். ஆனால் எங்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள், இருவருக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்களுக்குத் தேவை காலணி. டவுன் நோய்க்குறி உள்ளவர்களின் பாதம் பெரும்பாலும் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். நீளம் பார்த்து வாங்கினால் பக்கவாட்டில் இறுக்கும், அகலம் பார்த்து வாங்கினால் முன்னால் தடுக்கும். ஆகவே வாங்குமுன் எங்களுக்கு எழுதுங்கள். பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புகிறோம்.