மின்மினி வெளிச்சத்தில் மருந்து ஆராய்ச்சி

மின்மினிப் பூச்சியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் இருக்கும். சூடு இருக்காது. அந்த வெளிச்சம் இப்போது மருந்து ஆராய்ச்சிக்கு உதவுகிறது.

புது மருந்தை எடுத்த எடுப்பில் மனிதருக்குக் கொடுக்க முடியாது. முதலில் சுண்டெலி போன்ற பிராணிகளுக்குக் கொடுக்கிறார்கள். எலியின் வயிற்றில் புற்றுநோய்க் கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தால் கட்டி கரைகிறதா? வெளியே தெரியாது. அதனால் அவ்வப்போது சில எலிகளைக் கொன்று அறுத்துப் பார்த்தார்கள்.

தாய் தகப்பனின் சாயல் பிள்ளைக்கு வருகிறது அல்லவா? அதற்குக் காரணம் மரபணு. மின்மினியின் வெளிச்சத்துக்கும் ஒரு மரபணு வேண்டும். அதை 1985-இல் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்தார்கள். கருவுற்ற எலி முட்டைக்குள் இந்த மரபணுவை மிக மெல்லிய ஊசியால் செலுத்துகிறார்கள். பிறகு அந்தக் கருவை வேறொரு பெண் எலியின் கருப்பையில் வைக்கிறார்கள். சுமார் 20 நாளில் குட்டிகள் பிறக்கும். சில குட்டிகளிடம் மின்மினியின் மரபணு இருக்கும். நோயுள்ள இடத்தில் மட்டும் அது வேலை செய்யும்படியும் அமைக்கலாம்.

அந்த எலி இருட்டில் பளபளக்கும் என்று நினைக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். எலிக்கு ஒரு ஊசி மருந்து போட்டால்தான் வெளிச்சம் வரும். அதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டுப் பெட்டிக்குள் எலியை வைத்து, தனிக் கேமராவால் படம் எடுக்கிறார்கள். வெளிச்சம் குறைந்தால் கட்டி சிறுக்கிறது என்று அர்த்தம். அதே எலியை வாராவாரம் பார்க்கலாம். அதனால் குறைந்த எலிகளே போதும்.

1995-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிருமிகளுக்கே ஒளி தரும் மரபணுவைக் கொடுத்தார்கள். உயிருள்ள எலிக்குள் கிருமி எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்த்தார்கள்.

"பாவம், எலிக்கு வலிக்காதா?" என்று எங்கள் மையத்தில் ஓர் அக்கா கேட்டார். படம் எடுக்கும்போது மயக்க வாயு கொடுக்கிறார்கள். அப்போது வலி தெரியாது. ஆனால் நோய் நோய்தானே! சோதனை முடிந்ததும் பெரும்பாலும் எலியைக் கொன்றுவிடுகிறார்கள். இதை மறைக்கக் கூடாது. நம் நாட்டில் இப்படிச் சோதனை செய்ய அதற்கென உள்ள குழுவின் அனுமதி வேண்டும்.

எலிக்குக் கேட்ட மருந்து மனிதருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. பல மருந்துகள் அங்கேதான் தோற்கின்றன. அதனால், சம்மதம் தந்த மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். சம்மதத் தாள் அவர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. படிக்கத் தெரியாதவர் என்றால், வேறொருவர் சாட்சியாக உடன் இருக்க வேண்டும்.