யாரும் உடுத்தாத உடுப்பு எதற்கு?



சில மாதங்களுக்கு முன் நம் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, மளிகைக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். அவருடைய பேத்தி ஆடை வடிவமைப்பில் கடைசி ஆண்டு படிக்கிறாள்.

“அண்ணாச்சி, படிப்புக்குப் பணம் கட்டியாச்சு. இப்போ ஆறு உடுப்பு தைச்சுக் காட்டணும், துணிக்கும் தையலுக்கும் தனியாப் பணம் வேணும்ங்கிறா. நம்ம கடைக்கு ரெண்டு மாச வாடகை வரும் போலிருக்கு. படத்தைக் காட்டினா, ஒரு கை முழங்கால் வரைக்கும் தொங்குது. இதை யாரு உடுத்துவா? பணம் கொடுக்கலாமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. நான் வத்தல், மல்லி வியாபாரம் செய்பவன். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஜவுளி வியாபாரத்தில் உள்ள நண்பர்களைக் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இன்று இந்தப் படிப்புக்குப் போகிறார்கள். ஆகவே இது அந்த ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம் அல்ல.

ஆடைத் தொகுப்பு என்றால் என்ன?

ஆடை வடிவமைப்புப் படிக்கும் மாணவர், படிப்பு முடிக்கும் தறுவாயில் ஒரே கருத்தை வைத்துச் சில உடுப்புகளைத் தானே உருவாக்கிக் காட்ட வேண்டும். ஆறு அல்லது எட்டு உடுப்பு என்று கல்லூரிக்குக் கல்லூரி கணக்கு மாறும். இதற்கு ஆடைத் தொகுப்பு என்று பெயர். ‘கலெக்ஷன்’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

முதலில் கருத்து, அடுத்து வரைபடம். பிறகு துணி, நூல், பொத்தான் தேடி அலைச்சல். நல்ல துணியில் எடுத்தவுடன் கத்தரி வைப்பதில்லை. விலை குறைந்த காடாத்துணியில் ஒரு முறை தைத்து, ஆளுயரப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்து, தவறுகளைத் திருத்துவார்கள். அதன் பிறகே காகிதத்தில் அளவு வெட்டி, உண்மையான துணியை வெட்டுவார்கள். கடைசியில் ஆள் உடுத்தி மேடையில் நடந்து காட்டுவது. பார்க்கிறவர்களுக்கு அது சில நிமிட வேலை. பிள்ளைக்கோ பல மாத உழைப்பு.

நம் தொழிலில் ஒரு மூட்டைச் சரக்கை வாங்குமுன் கையளவு மாதிரி பார்க்கிறோம் அல்லவா? இந்த உடுப்புகளும் மாதிரிதான். ஆனால் அவை துணிக்கு மாதிரி அல்ல, பிள்ளையின் கைத்திறனுக்கும் புத்திக்கும் மாதிரி. முழங்கால் வரை தொங்கும் அந்தக் கையை யாரும் கடையில் வாங்க வேண்டியதில்லை. அதை வெட்டத் தெரிந்தவள் சாதாரணச் சட்டையையும் வெட்டுவாள் என்பதை, வேலை கொடுக்க வருகிறவர் பார்த்துக்கொள்வார்.

லண்டனில் ஒரு கடைக்கார அம்மாள்

இதில் நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குப் பிடித்தமான ஒரு வரலாறு உண்டு. லண்டன் நகரில் செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற கலைப்பள்ளியில் 1984-ஆம் ஆண்டு ஜான் கலியானோ என்ற மாணவர் படிப்பை முடித்தார். ஜிப்ரால்டரில் பிறந்தவர். தகப்பனார் குழாய் பழுது பார்க்கும் தொழிலாளி. படிக்கும் காலத்தில் நாடக அரங்கில் நடிகர்களுக்கு உடை உடுத்திவிடும் வேலையையும் செய்தார். பிரெஞ்சுப் புரட்சிக் கால உடைகளைக் கருத்தாகக் கொண்டு அவர் தம் தொகுப்பைத் தைத்திருந்தார்.

அதே ஊரில் சவுத் மோல்டன் தெருவில் ‘பிரவுன்ஸ்’ என்ற துணிக்கடை இருந்தது. 1970-ஆம் ஆண்டு சிட்னி பர்ஸ்டீன், ஜோன் பர்ஸ்டீன் என்ற தம்பதியர் தொடங்கிய கடை. அவர்கள் முன்பு நடத்திய கடைகள் நொடித்து, குடியிருந்த வீட்டையும் இழந்து, மறுபடியும் தலையெடுத்தவர்கள். அந்த ஜோன் அம்மாள் மாணவரின் தொகுப்பைப் பார்த்தார். ஒன்றிரண்டைப் பொறுக்கவில்லை, முழுவதையும் கொள்முதல் செய்தார். அதோடு நிற்காமல் கடையின் முகப்புக் கண்ணாடியில் இடம் கொடுத்தார். வண்டி வைக்கக் காசில்லாத அந்த மாணவர், உடுப்புகளைச் சக்கரம் வைத்த கம்பியில் மாட்டித் தெருவோடு தள்ளிக்கொண்டே கடைக்குப் போனார். அந்தச் சரக்கை வாங்கியவர்களில் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகி டயானா ராஸும் ஒருவர்.

முகப்புக் கண்ணாடியின் மதிப்பு நமக்குத் தெரியும். பெயர் பெற்ற கம்பெனியின் சரக்கை வைத்தால் நிச்சயம் விற்கும் இடம் அது. அதை ஒரு மாணவனுக்கு விட்டுக்கொடுத்தது தர்ம காரியம் அல்ல, வியாபாரக் கணிப்பு. நொடித்துப் போன அனுபவம் உள்ள ஒருவர் அந்தத் துணிச்சலைக் காட்டினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

வாரத் தவணையில் ஒரு கொள்முதல்

1992-ஆம் ஆண்டு அதே பள்ளியில் (அப்போது பெயர் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ்) அலெக்ஸாண்டர் மக்வீன் என்பவர் மேற்படிப்பை முடித்தார். வாடகைக் கார் ஓட்டுநரின் மகன். பதினாறு வயதில் பள்ளியை விட்டு, லண்டனில் ஆண்களின் கோட்டுத் தையலுக்குப் பெயர் போன சாவில் ரோ என்ற தெருவில் தையல் பழகியவர். அத்தை கொடுத்த பணத்தில்தான் இந்தப் படிப்பையே படித்தார்.

அவருடைய தொகுப்பை இஸபெல்லா பிளோ என்ற பத்திரிகைத் துறைப் பெண்மணி மொத்தமாக வாங்கிக்கொண்டார். விலை 5,000 பவுன். ஆனால் அவர் கையில் அவ்வளவு ரொக்கம் இல்லை. வாரம் 100 பவுன் என்று தவணை பேசிக் கொடுத்தார். கணக்குப் பார்த்தால் 50 வாரம். நம் ஊர் வாரத் தண்டல் போலத்தான். படிப்பை முடித்த பிள்ளைக்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு வாரா வாரம் வரும்படி வந்தது என்றால், அந்தத் தவணையின் அருமையை நினைத்துப் பாருங்கள். அந்த மக்வீன் பெயரில் வளர்ந்த நிறுவனத்தின் பெரும்பங்கை 2000-ஆம் ஆண்டின் கடைசியில் குச்சி நிறுவனத்தார் விலை கொடுத்து வாங்கினார்கள்.

துருப்பிடித்த சரக்கு

1993-ஆம் ஆண்டில் ஹுசைன் சலயான் என்ற சைப்ரஸ் தீவுக்காரர் அதே பள்ளியில் படிப்பை முடித்தார். அவர் செய்ததைக் கேட்டால் நம்மவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். பட்டு உடுப்புகளை இரும்புத் தூளோடு சேர்த்து, நண்பர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார். காட்சிக்கு முன் தோண்டி எடுத்தபோது துணியெங்கும் துரு ஏறிப் புதுவிதமான நிறம் படிந்திருந்தது. நம் கிட்டங்கியில் துருப்பட்ட சாக்கு வந்தால் திருப்பி அனுப்புவோம். அந்தத் துருப்பட்ட துணிக்கோ பிரவுன்ஸ் கடைக் கண்ணாடியில் இடம் கிடைத்தது.

திறமை மட்டும் போதுமா?

இதுவரை படித்தவர்கள், நம் பிள்ளைக்கும் இப்படி ஒரு யோகம் அடிக்கும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் படிப்பை முடிப்பவர்கள் ஏராளம். கண்ணாடிக்குள் ஏறுகிறவர்கள் சிலரே.

ஏறியவர்களும் எளிதாக நிலைத்துவிடவில்லை. கலியானோ 1984-ல் அவ்வளவு பெயர் வாங்கியும், 1990-ல் பணமில்லாமல் நொடித்துப் போனார். பிறகு பாரிஸ் சென்று, மற்றவர்கள் கைகொடுத்து, 1996-ல் டியோர் என்ற பெரிய நிறுவனத்தின் வடிவமைப்புப் பொறுப்புக்கு வந்தார். 2011-ல் யூதர்களை இழித்துப் பேசிய குற்றத்துக்காக அந்தப் பதவியையும் இழந்தார். சலயான் 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரிட்டனின் சிறந்த வடிவமைப்பாளர் என்று விருது பெற்றார். அதையொட்டியே கடன் சுமையால் தம் நிறுவனத்தைக் கலைத்துவிட்டு மறுபடியும் தொடங்க நேர்ந்தது. விருது மேடையில் கைதட்டுகிறவர் வேறு, பேரேட்டில் பற்று எழுதுகிறவர் வேறு. நல்ல சரக்கு வைத்திருந்தும் கணக்கு வைக்காமல் கடையை மூடியவர்களை நாமும் நம் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

நம் நாட்டு நிலைமை

மத்திய அரசின் ஜவுளி அமைச்சகம் 1986-ஆம் ஆண்டு டெல்லியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியது. ‘நிஃப்ட்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1995-ல் சென்னை தரமணியில் அதன் கிளை வந்தது. அங்கே தைத்த உடுப்பு மட்டும் அல்ல, பின்னலாடைக்கும் தோல் பொருள்களுக்கும் தனித்தனிப் படிப்பு உண்டு. திருப்பூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் உள்ள மாநிலத்தில் அது பொருத்தமே.

அந்த நிறுவனத்தின் கல்கத்தா கிளையில் 1999-ல் படிப்பை முடித்தவர் சப்யசாசி முகர்ஜி. மூன்று தொழிலாளர்களோடு சிறு பட்டறை போட்டுத் தொடங்கினார். 2021-ல் அவர் நிறுவனத்தின் 51 சதவீதப் பங்கை ஆதித்ய பிர்லா குழுமம் 398 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பட்டறைக்கும் அந்தப் பத்திரத்துக்கும் நடுவே இருபத்திரண்டு ஆண்டு இருக்கிறது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

என் கடையில் நடந்தது

அடுத்தவர் கதையைச் சொல்லிவிட்டு என் கதையை மறைப்பது நியாயம் அல்ல. 1994-ஆம் ஆண்டு ஓர் அம்மாள் வீட்டில் அரைத்த புளியோதரைப் பொடியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி என் கடைக்குக் கொண்டுவந்தார். இருபது பொட்டலம் வைத்து விற்றுப் பாருங்கள், விற்ற பிறகு பணம் கொடுங்கள் என்றார். நான் பிரித்து முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. “முதலில் சரக்குக்குப் பேர் வரட்டும் தாயி, அப்புறம் பார்ப்போம்” என்று அனுப்பிவிட்டேன். அடுத்த தெருக் கடைக்காரர் வாங்கி வைத்தார். ஆறு ஆண்டு கழித்து அதே பொடிக்கு ஏஜெண்டிடம் முன்பணம் கட்டி, சரக்குக்காகக் காத்திருந்தேன். பேர் வரட்டும் என்று எல்லாக் கடையும் சொன்னால் பேர் எங்கிருந்து வரும்?

நாம் செய்யக்கூடியவை

படிப்பை முடித்த பிள்ளைகள் நம்மிடம் வந்தால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கலாம்.

1. ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள் அவர்களுடைய உடுப்பு நான்கைந்தை விற்ற பின் பணம் என்ற முறையில் வைத்துப் பார்க்கலாம். எத்தனை உருப்படி, என்ன விலை, நமக்கு எவ்வளவு கழிவு, விற்காவிட்டால் எந்தத் தேதியில் திருப்புவது, அழுக்கோ கிழிசலோ ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும்.

2. துணி வியாபாரிகள் வெட்டுத் துண்டுகளையும் தேங்கிய சரக்கையும் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம். கடனாகக் கொடுத்தால் தவணைத் தேதி சொல்லியே கொடுங்கள். தேதி தவறாமல் கட்டுவதையும் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

3. பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் தமிழ்நாட்டில் தடை உள்ளது. துணிப்பையை எல்லோரும் ஒரே மாதிரி வாங்குகிறோம். நம் கடைக்கென்று தனியாக ஒரு பையை வரைந்து தரச் சொல்லலாம். மளிகைக் கடைக்காரருக்கும் இதில் இடம் உண்டு.

4. எதையும் இலவசமாகக் கேட்காதீர்கள். சிறு தொகையானாலும் கூலி கொடுங்கள். முதல் வாடிக்கையாளர் கொடுக்கும் காசு, சான்றிதழைவிட அதிகமாகத் தைரியம் தரும்.

அந்த உறுப்பினருக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். “பணத்தைக் கொடுங்கள். ஆனால் இரண்டு நிபந்தனை சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு உடுப்புக்கும் துணி எவ்வளவு, நூல் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக அடக்கக் கணக்கு எழுத வேண்டும். விடுமுறையில் பத்து நாள் உங்கள் கல்லாவில் உட்கார்ந்து பேரேடு பார்க்க வேண்டும். கை ஏன் அவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்காதீர்கள். அது அவள் தொழில்” என்றேன்.

அவர் பணத்தைக் கொடுத்தார். பேத்தி கணக்கு நோட்டோடு ஊருக்கு வந்து பத்து நாளும் கல்லாவில் உட்கார்ந்தாளாம். தாத்தா மூன்று ஆண்டாக வசூலிக்காமல் விட்டிருந்த ஒரு பாக்கியையும் கண்டுபிடித்துக் கொடுத்தாளாம். காட்சிக்கு எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.