பேரரசன் இல்லாத பேரரசு: காலாப்பட்டு ரோட்டில் ஒரு பாடம்

போன வாரம் ஒரு நேயர் கேட்டிருந்தார்: "பேரரசன் இல்லாம பேரரசு இருக்க முடியுமா?" பதில் நான் தினமும் போற ரோட்டுலயே இருக்கு.

பாண்டியிலிருந்து ஈசிஆர்ல கிளம்புங்க. முத்தியால்பேட்டை தாண்டினா கோட்டக்குப்பம், தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் வரைக்கும் அப்படித்தான். அப்புறம் எங்க காலாப்பட்டு, திரும்பவும் புதுச்சேரி. கனகசெட்டிக்குளம் தாண்டினா மறுபடி தமிழ்நாடு. ஒரே ரோடு, மூணு எல்லை. ஒரு பக்கம் பிரிட்டிஷ், ஒரு பக்கம் பிரெஞ்சுன்னு ரெண்டு பேரரசுகள் விட்டுட்டுப் போன கோடு இது.

1877-ல் விக்டோரியா மகாராணி இந்தியாவின் பேரரசி ஆனாங்க. கோட்டக்குப்பம் அவங்க ஆட்சியில் இருந்துச்சு. அதே வருஷம் காலாப்பட்டை ஆண்ட பிரான்ஸில் ராஜாவே கிடையாது. 1870-லயே அது குடியரசு. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசின குடியரசு. அப்போ அது பேரரசு இல்லையா?

பேரரசுதான். பேரரசுக்குக் கிரீடம் அவசியமில்லை, பெரிய வரைபடமும் அவசியமில்லை. ஒரு மையம், வேற வேற மக்களை, வேற வேற உரிமைகளோட ஆளணும். நம்ம பாஷையில சொன்னா, ஒரே சிஸ்டம், ஆனா யூசருக்கு யூசர் பர்மிஷன் வேற.

பாண்டிச்சேரியில் அந்த பர்மிஷன் காகிதத்திலேயே இருந்துச்சு. நம்ம ஆளுங்களுக்கு ஓட்டு உண்டு. பாரீஸ் நாடாளுமன்றத்துக்குப் பிரதிநிதியும் உண்டு. ஆனா 1884-ல் உள்ளூர் சபைகளுக்கான வாக்காளர்களை மூணு பட்டியலா பிரிச்சாங்க. முதல் பட்டியல் ஐரோப்பியர்கள். ரெண்டாவது 'ரெனோன்சான்', அதாவது 1881 ஆணைப்படி தங்கள் மத, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சட்டத்தை ஏத்துக்கிட்ட இந்தியர்கள். மூணாவது, மத்த எல்லா இந்தியர்களும். கையளவு ஐரோப்பியர்களுக்குத் தனிப் பட்டியல், தனி இடங்கள். சமத்துவம் பேசின குடியரசு இங்க வந்ததும் பட்டியல் போட்டுச்சு.

இப்போ மத்த வார்த்தைகளைப் பார்ப்போம். 'காலனி' என்பது மையம் நேரடியாக ஆளும் தூரத்து நிலம். காலாப்பட்டு அப்படி இருந்தது. 'சமஸ்தானம்' வேற. புதுக்கோட்டையில் தொண்டைமான் மன்னர் இருந்தார், அம்மன் காசு புழங்கியது, ஆனா பிரிட்டிஷாரை மீறி அவரால் போக முடியாது. இப்படி ராஜாவை வெச்சுக்கிட்டே மேலிருந்து கட்டுப்படுத்துறது 'மேலாதிக்கம்'. 1948-ல் புதுக்கோட்டை இந்தியாவோட இணைஞ்சது. 'ஏகாதிபத்தியம்' என்பது இந்த மாதிரி அடுத்தவங்களை ஆள்வதைச் சரின்னு நம்பி விரிவுபடுத்தும் கொள்கை.

1946-ல் பிரான்ஸ் 'காலனி' என்ற சொல்லைக் கைவிட்டு 'கடல்கடந்த பிரதேசம்'னு மாத்தியது. பேரரசும் 'பிரெஞ்சு யூனியன்' ஆனது. வேரியபிள் பெயரை மாத்தினா கோடு மாறிடுமா? முடிவெடுக்கும் இடம் பாரீஸாகவே இருந்தது.

1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டாங்க. 170 பேர் இந்தியாவோட இணையணும்னு சொன்னாங்க. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. இதுதான் 'டி ஃபாக்டோ', நடைமுறையில் மாறுவது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அது 'டி ஜூர்'. நடுவில் கிட்டத்தட்ட எட்டு வருஷம், சாவி நம்மகிட்ட, பத்திரம் பிரான்ஸ்கிட்ட.

கடைசியா ஒரு கஷ்டமான விஷயம். 'சோழப் பேரரசு'ன்னு சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிரும், எனக்கும்தான். ஆனா சோழர்கள் வடஇலங்கையைப் பிடிச்சு 'மும்முடிச் சோழ மண்டலம்'னு பேர் வெச்சப்போ, அங்க இருந்தவங்களை யாராவது கேட்டாங்களா? பிரெஞ்சுக்காரனுக்கு ஒரு அளவுகோல், நம்ம ராஜாவுக்கு வேற அளவுகோல்னா, அதுவும் ஒரு பட்டியல்தானே?

அதனால இனிமே எங்க 'பேரரசு'ன்னு படிச்சாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. முடிவு எங்க எடுக்கறாங்க? அந்த ஆட்சியில உங்க பேர் எந்தப் பட்டியல்ல இருந்திருக்கும்?

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.