பிரேக் இல்லாத வண்டியில் ஒரு பிழைப்பு

2025 செப்டம்பரில் டென்மார்க்கின் வோயென்ஸ் நகரில் உலக ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயப் பட்டத்துக்கான அந்த ஆண்டின் கடைசிப் போட்டி நடந்தது. அன்று முதலிடம் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸ். பட்டம் போனதோ போலந்தின் பார்ட்டோஷ் ஸ்மார்ஸ்லிக்குக்கு. ஆண்டு முழுக்கச் சேர்த்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது கர்ட்ஸைவிட அவருக்கு ஒரே ஒரு புள்ளி அதிகம் இருந்தது. ஸ்மார்ஸ்லிக்குக்கு அது ஆறாவது உலகப் பட்டம். அவருக்கு முன் அந்த எண்ணிக்கையைத் தொட்டவர்கள் இருவர்தான்: நியூசிலாந்தின் ஐவன் மேஜர், சுவீடனின் டோனி ரிக்கார்ட்சன்.

இந்த மூவரின் பெயரும் நம் விளையாட்டுப் பக்கங்களில் அநேகமாக வந்ததில்லை. வந்திருக்க வேண்டிய பெயர்கள் என்பது என் எண்ணம். இவர்கள் ஓட்டும் வண்டியைப் பற்றித் தெரிந்துகொண்டால் அது ஏனென்று புரியும்.

ஸ்பீட்வே வண்டியில் 500 சிசி எஞ்சின், ஒற்றை சிலிண்டர். பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால் ஊற்றுவார்கள். ஒரே ஒரு கியர். பிரேக் கிடையவே கிடையாது. குறைந்தபட்ச எடை 77 கிலோ. சாலையில் ஓடும் சாதாரண பைக்கைவிட மிக லேசு. முட்டை வடிவ மண் தடம். நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே திரும்ப வேண்டும். ஒரு பந்தயம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. ஓர் இரவில் இப்படி இருபதுக்கு மேற்பட்ட பந்தயங்கள்கூட நடக்கும்.

பிரேக் இல்லாமல் வளைவில் எப்படித் திரும்புவது? பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விடுகிறார்கள். வண்டி பக்கவாட்டில் சறுக்கியபடியே வளைவைச் சுற்றுகிறது. உடல் இடப்பக்கம் சாய்ந்திருக்க, ஹேண்டில்பார் வலப்பக்கம் திரும்பியிருக்கும். இடது காலில் பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். அந்தக் கால் மண்ணில் உரசிக்கொண்டே வரும். பயந்துபோய் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் ஆபத்து: வழுக்கிக்கொண்டிருந்த பின்சக்கரம் திடீரென மண்ணைப் பிடிக்கும், வண்டி நிமிரும், ஆளைத் தூக்கி வெளிவேலியில் எறியும். வளைவில் வண்டியைக் கையாள்வதற்கு ஆக்சிலரேட்டர்தான் வழி. இது உடம்புக்குள் இறங்கவே பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஸ்பீட்வே வீரரின் பிழைப்பு மற்ற விளையாட்டுக்காரர்களுடையது போன்றதல்ல. கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டினாலும் அவர் பெரும்பாலும் கிளப்பின் மாதச் சம்பளக்காரர் அல்லர். வண்டி அவருடையது, வேன் அவருடையது, மெக்கானிக்குக்குச் சம்பளம் கொடுப்பதும் எஞ்சினைப் பிரித்துச் சரிபார்க்கச் செலவழிப்பதும் அவரே. கிளப் அவருக்குத் தருவது முக்கியமாகப் புள்ளிக் கணக்கில்தான். இத்தனை புள்ளி எடுத்தால் இத்தனை பணம். கடைசியாக வந்தால் அந்தப் பந்தயத்தில் சம்பாத்தியம் இல்லை. கீழே விழுந்தால் சம்பாத்தியம் இல்லாததோடு வண்டிச் செலவும் சேரும். கையொடிந்து வீட்டில் கிடக்கும் மாதங்களிலும் செலவு நிற்காது. அதனால் ஒரே பருவத்தில் போலந்து, சுவீடன், டென்மார்க், பிரிட்டன் என்று இரண்டு மூன்று நாட்டு லீக்குகளில் ஒருவரே ஓட்டுவது சகஜம். இரவுப் பந்தயம் முடிந்ததும் வண்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டு மெக்கானிக் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவார். வீரர் விமானத்தில் முன்னே போய்க் காத்திருப்பார்.

ஊர் விட்டு ஊர் போகும் இந்த வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1923 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மைட்லண்ட் கண்காட்சித் திடலில் ஜானி ஹாஸ்கின்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் நடத்திய பந்தயங்களைத்தான் இந்த விளையாட்டின் தொடக்கமாகப் பலரும் சொல்கிறார்கள். 1928 பிப்ரவரியில் லண்டனை அடுத்த ஹை பீச்சில் பிரிட்டனின் முதல் பெரிய போட்டி நடந்தது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்குக் கூட்டம். சில மாதங்களிலேயே ஆஸ்திரேலிய வீரர்கள் கப்பலேறி வந்து பிரிட்டிஷ் தடங்களை நிரப்பினார்கள்.

அந்த ஆரம்ப நாட்களில் பெண்களும் ஓட்டினார்கள். அயர்லாந்தின் ஃபே டெய்லர் பிரிட்டனில் ஆண்களோடு போட்டியிட்டு வென்றவர். ஆஸ்திரேலியாவரை தனியாகப் போய் ஓட்டிக் கூட்டம் சேர்த்தவர். 1930இல் பிரிட்டிஷ் தடங்கள் பெண்களுக்குத் தடை போட்டன. டெய்லர் கார் பந்தயத்துக்குப் போய்விட்டார். அந்தத் தடையால் ஸ்பீட்வே இழந்தது கொஞ்சநஞ்சமல்ல.

முதல் உலக இறுதிப் போட்டி 1936இல் லண்டன் வெம்ப்ளியில். அதன் முடிவை இன்றும் வாதிடலாம். ஆஸ்திரேலியாவின் புளூயி வில்கின்சன் அன்று ஓட்டிய ஐந்து பந்தயங்களிலும் முதலில் வந்தார். ஆனால் முந்தைய சுற்றுகளில் எடுத்த போனஸ் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிடும் விதி இருந்ததால் அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். அவருடைய நாட்டவரான லயனல் வான் பிராக் சாம்பியன் ஆனார். 1938இல் வில்கின்சன் பட்டத்தை வென்று கணக்கைத் தீர்த்துக்கொண்டார்; இரண்டே ஆண்டுகளில் சிட்னியில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். வான் பிராக் உலகப் போரில் விமானி ஆனார். 1942இல் அவருடைய விமானம் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. காயமடைந்த சகாவைத் தாங்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் நீந்திக் கரை சேர்ந்ததற்காக அவருக்கு ஜார்ஜ் பதக்கம் தரப்பட்டது.

போருக்குப் பின் இந்த விளையாட்டின் வரலாற்றில் ஓர் அதிசயம் நடந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் என்ற ஒரே ஊரிலிருந்து மூன்று பேர் புறப்பட்டு, தங்களுக்குள் பன்னிரண்டு உலகப் பட்டங்களைக் கொண்டுபோனார்கள். ரானி மூருக்கு இரண்டு, பாரி பிரிக்ஸுக்கு நான்கு, ஐவன் மேஜருக்கு ஆறு. மூர் 1950இல் பதினேழு வயதில் உலக இறுதிப் போட்டியில் ஓட்டியவர். அவரைப் பார்த்துத்தான் பிரிக்ஸ் கிளம்பினார், இருவரையும் பார்த்து மேஜர் கிளம்பினார். கப்பலில் ஒன்றரை மாதம் தள்ளியிருக்கும் ஊரிலும் உலக சாம்பியன் உருவாக முடியும் என்பதற்குப் பக்கத்துத் தெருவிலேயே ஆதாரம் இருந்தது. அந்த ஊர்ப் பையன்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மேஜரின் கதை மட்டும் நேர்கோட்டில் போகவில்லை. 1957இல் பதினேழு வயதில், அப்போதுதான் மணந்திருந்த ராயேயுடன் இங்கிலாந்து வந்தார். விம்பிள்டன் கிளப்பில் சேர்ந்தார். ஓட்ட வாய்ப்புகள் குறைவு. கிடைத்தவற்றிலும் பெயர் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. தோற்றுத்தான் திரும்பிப் போனார். ஆஸ்திரேலியத் தடங்களில் சில ஆண்டுகள் தேறிவிட்டு, 1963இல் குடும்பத்தோடு மறுபடி வந்தார். இம்முறை சேர்ந்த இடம் வடக்கே நியூகாசில், அதுவும் இரண்டாம் நிலை லீக். ஐந்து ஆண்டுகள் கழித்து உலக சாம்பியன். 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பட்டம் வென்ற முதல் ஆள் அவர்தான். மூன்றாவதையும் வென்றால் அந்த வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருகிறோம் என்று அமெரிக்க ரசிகர்கள் இருவர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். போலந்தின் வ்ரோட்ஸ்வாஃபில், உள்நாட்டு வீரர்களை முந்தி அவர் வென்றார். அந்த ரசிகர்களும் சொன்னபடி செய்தார்கள்.

மேஜரைவிடத் தைரியசாலிகள் அவர் காலத்திலேயே இருந்தார்கள், பார்க்க அழகாக ஓட்டியவர்களும் இருந்தார்கள். அவரைத் தனித்து நிறுத்தியது தயாரிப்பு. வண்டியின் ஒவ்வொரு பாகத்தையும் முன்கூட்டியே சோதிப்பது, தடத்தின் மண்ணைப் படிப்பது, புறப்படும் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா மேலெழும் கணத்துக்காக மனத்தைப் பழக்குவது என எல்லாவற்றையும் வேலையாகச் செய்தார். சனிக்கிழமை சாகசமாக இருந்ததை அவர் தொழிலாக்கினார் என்று நான் நினைக்கிறேன். இன்றைய வீரர்கள் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

மேஜரும் விழுந்திருக்கிறார். 1973இல் போலந்தின் ஹோஷூவ் அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மேஜரும் யெஷி ஷ்சாகியெல் என்ற போலந்து வீரரும் புள்ளியில் சமம். இருவருக்கும் மட்டும் ஒரு பந்தயம் வைத்தார்கள். ஷ்சாகியெல் இரண்டு ஆண்டுகளுக்கு முன் உலக இறுதிப் போட்டியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் போனவர். முன்னே போன அவரை முந்தப் பார்த்து மேஜர் கீழே விழுந்தார். போலந்துக்கு முதல் தனிநபர் உலகப் பட்டம். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஹோஷூவில், நாற்பதை நெருங்கும் வயதில், மேஜர் தன் ஆறாவது பட்டத்தை வென்றார்.

இந்தத் தொழிலின் விலையைப் பேசாமல் வீரர்களைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. லிவர்பூல்காரர் பீட்டர் கிரேவன் ஐந்தடி உயரம். வண்டிமீது அவர் சமநிலை காத்த விதத்தை அன்றைய ரசிகர்கள் கடைசிவரை பேசினார்கள். 1955, 1962 இரண்டு முறை உலக சாம்பியன். 1963 செப்டம்பரில் எடின்பரோவில், முன்னால் விழுந்த வீரர்மேல் ஏற்றிவிடாமலிருக்க வண்டியைத் திருப்பினார். வேலியில் மோதி நான்கு நாள் கழித்து இறந்தார். வயது 29. மூன்று முறை சாம்பியனான டென்மார்க்கின் எரிக் குண்டர்சன் 1989இல் பிராட்ஃபோர்டில் நடந்த உலக அணிப் போட்டியில், முதல் பந்தயத்திலேயே அடிபட்டார். உயிருக்குப் போராடி, மறுபடி நடக்கக் கற்றார். வண்டி ஓட்டும் வாழ்க்கை அன்றோடு முடிந்தது. அடுத்த ஆண்டு சாம்பியனான சுவீடனின் பெர் யோன்சன் 1994இல் போலந்தில் விழுந்து நடக்க முடியாதவரானார். அவர் ஓட்டிய டோருன் நகரில், புதிய அரங்கம் நிற்கும் தெருவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

காற்றடைத்த வேலிகள் இப்போது பல உயிர்களைக் காக்கின்றன. ஆபத்து முற்றிலும் போய்விடவில்லை. மூன்று முறை சாம்பியனான பிரிட்டனின் டாய் வோஃபின்டன் 2025 மார்ச்சில் போலந்தின் கிராஸ்னோவில் விழுந்து, தொடை எலும்பும் முதுகெலும்பும் உட்படப் பல எலும்புகள் முறிந்து, மருத்துவர்கள் மயக்க நிலையில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இன்று இந்த விளையாட்டின் தலைநகரம் போலந்து. பிரிட்டனில் நிலத்தின் விலை ஏற ஏற அரங்கங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. விம்பிள்டன், கவென்ட்ரி, பீட்டர்பரோ என்று பழைய கிளப்புகள் தடமில்லாமல் நின்றுவிட்டன. போலந்திலோ அறுபதாயிரம் பேர் வாழும் லெஷ்னோ போன்ற ஊர்கூடத் தன் ஸ்பீட்வே அணியால்தான் நாடெங்கும் அறியப்படுகிறது. அங்குள்ள உயர்நிலை லீக்கில் ஒவ்வோர் அணியும் இளம் உள்நாட்டு வீரர்களை இறக்கியே ஆக வேண்டும். அதனால் கிளப்புகளே பள்ளி வயதுப் பையன்களைத் தேடி வளர்க்கின்றன. கோஷூவ் கிளப் அப்படி வளர்த்த பையன்தான் 1995இல் பிறந்த ஸ்மார்ஸ்லிக்.

ஷ்சாகியெலுக்கும் ஸ்மார்ஸ்லிக்குக்கும் நடுவே நிற்பவர் டோமாஷ் கோலோப். பிட்கோஷ்ச் நகரத்துக்காரர். 1999இல் பட்டம் கைக்கு எட்டிய நிலையில், கடைசிச் சுற்றுக்குச் சற்று முன் வேறொரு போட்டியில் விழுந்து அடிபட்டார். பட்டம் ரிக்கார்ட்சனுக்குப் போனது. கோலோப் விடவில்லை. 2010இல் 39 வயதில் உலக சாம்பியன் ஆனபோது, போலந்து 37 ஆண்டுகளாகக் காத்திருந்த பட்டம் அது. ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு மோட்டோகிராஸ் பந்தயத்துக்கு முன் பயிற்சியில் விழுந்ததில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். போலந்தில் அவருக்கு இருக்கும் மரியாதை துளியும் குறையவில்லை.

ஸ்மார்ஸ்லிக் 2019இலிருந்து ஏழு ஆண்டுகளில் ஆறு பட்டம் எடுத்திருக்கிறார். இடையில் 2021இல் மட்டும் ரஷ்யாவின் ஆர்ட்டெம் லகூட்டா அவரை முந்தினார். அடுத்த ஆண்டு உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வீரர்களுக்குத் தடை வந்து, நடப்புச் சாம்பியன் பட்டத்தைக் காக்க வரவே முடியாமல் போனது. 2023இல் இன்னொரு சோதனை. வோயென்ஸில் தகுதிச் சுற்றுக்கு விதிப்படியான உடையை அணியாமல் இறங்கினார் என்று ஸ்மார்ஸ்லிக்கை அந்தப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். பெரிய முன்னிலை கரைந்து, கடைசிப் போட்டியில் டோருனில் வென்றே பட்டத்தைக் காத்தார்.

இணையத்தில் ஒரு ஸ்பீட்வே பந்தயம் பார்க்க வாய்த்தால், முதல் வளைவைக் கவனியுங்கள். நாடா மேலெழுந்து நான்கு பேரும் ஒரே இடத்துக்குப் பாயும் அந்த இரண்டு மூன்று விநாடிகளிலேயே பாதிப் பந்தயங்கள் தீர்மானமாகிவிடும். மேஜர் வாழ்நாள் முழுக்க உழைத்தது அதற்காகத்தான். அங்கே பின்தங்கியவர் உள்கோட்டை விட்டு வேலியோரம் போகிறாரா என்று அடுத்துப் பாருங்கள். சுற்றுகள் போகப் போகச் சக்கரங்கள் கிளப்பிய தளர்ந்த மண் வெளிப்பக்கம் சேர்ந்திருக்கும். அங்கே பின்சக்கரத்துக்குப் பிடிமானம் அதிகம், தூரமும் அதிகம், வேலியும் ஒரு கை தூரத்தில்தான். அந்த வழியில் வேகமெடுத்து வந்து, கடைசி வளைவில் ஒருவரை முந்துவதில் கோலோப் பேர்போனவர். ஸ்மார்ஸ்லிக்கும் இன்று அந்த வழியில் போவார்.